ஹாப்ஸின் கசப்பும் பீரின் கணக்கும்

பீரில் உள்ள ஏதோ ஒரு பொருள் கொழுப்பைக் குறைக்கிறது, மூளை மங்குவதைத் தடுக்கிறது, புற்றுநோய்ச் செல்களை அடக்குகிறது என்ற செய்திகள் பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. அவை வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது ‘ஏதோ ஒரு பொருள்’ உதிர்ந்துபோய், பீர் மட்டும் மிஞ்சியிருக்கும். செய்தியின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பொருள்களில்தான் போய் நிற்போம். ஆய்வுகளில் பொய் இல்லை. முறையான சோதனைக்கூடங்களில் நடந்து, முறையான இதழ்களில் வந்தவைதான். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வில் வேலை செய்த பொருளும் குடிப்பவரின் கோப்பைக்கு வரும் பொருளும் பல நேரங்களில் வேறு வேறு. ஒன்றாக இருக்கும் இடத்திலும் அளவு ஒத்துப்போவதில்லை. ஹாப்ஸ் கசப்புக்கு உடலில் வேலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கான பெயரைப் பீர் தட்டிக்கொண்டு போவதைத்தான் ஏற்க முடியாது.

ஹாப்ஸ் கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; உறவு தாவரவியலோடு சரி. ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஷாடெட்ஸ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகியவை பேர்பெற்ற விளைநிலங்கள். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பகுதியில் கொஞ்சம் விளைகிறது. ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பிகளில் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஆண், பெண் என்று தனித்தனிக் கொடிகள் உண்டு. தேவைப்படுவது பெண் கொடியின் பூங்கூம்பு மட்டும். கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பச்சைக் கூம்பை நீளவாக்கில் பிளந்தால், செதில்களின் அடியில் மகரந்தம்போல மஞ்சள் தூள் அப்பியிருப்பது தெரியும். விரலில் பட்டால் பிசின்போல ஒட்டும், காட்டமாக மணக்கும். லுப்புலின் எனப்படும் இந்தத் தூள்தான் கசப்பின் கிடங்கு. பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் வைத்துக்கொள்ள இத்தகைய பிசின்கள் தாவரங்களுக்கு உதவுகின்றன. கொடி தன் பாதுகாப்புக்காகக் கசக்கிறது. மனிதனுக்கு அதனால் நன்மையா தீமையா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

இந்தத் தூளில் கசப்புப் பொருள் ஒன்று மட்டும் இல்லை. ஹியூமுலோனும் அதன் உறவுகளும் சேர்ந்த ஆல்பா அமிலங்கள், லுப்புலோன் வகையைச் சேர்ந்த பீட்டா அமிலங்கள், இவற்றோடு சிறிதளவு சாந்தோஹியூமால் என்ற மஞ்சள் நிறப் பொருள் எல்லாம் அதில் உண்டு. இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பீரில் நாக்கு உணரும் கசப்பின் பெரும்பகுதி கொடியில் விளைந்த கசப்பு அல்ல; அது அடுப்பில் பிறந்தது. பார்லி முளைமாவுச் சாற்றோடு ஹாப்ஸை ஒரு மணி நேரம்போலக் கொதிக்கவிடும்போது, ஆறு கார்பன் கொண்ட ஹியூமுலோனின் வளையம் சுருங்கி ஐந்து கார்பன் வளையமாகிறது. அப்படிப் பிறப்பது ஐசோஹியூமுலோன். மூலப்பொருளைவிட இது நீரில் நன்றாகக் கரையும், நன்றாகக் கசக்கும். சாந்தோஹியூமாலும் அதே கொதியில் பெரும்பாலும் ஐசோசாந்தோஹியூமாலாக உருமாறிவிடுகிறது. ஆக, ஹாப்ஸின் சாறு, பீரின் கசப்பு, சோதனைக்கூடத்தில் பிரித்தெடுத்த தூய பொருள் என்ற மூன்றும் வேதியியல்படி மூன்று வேறு சரக்குகள். அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் அவை அமர்ந்திருக்கும் திசை மாறினால் உடலில் செய்யும் வேலையும் மாறக்கூடும். அதனால்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் கமின்ஸ்கியும் உடன் உழைத்தவர்களும் இந்தக் கசப்பு மூலக்கூறுகளைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, இடக்கை வலக்கை அமைப்பைத் திட்டவட்டமாகக் கண்டறிந்து 2013-ல் வெளியிட்டது முக்கியமான வேலையானது. அதற்கு முந்தைய சில முடிவுகளைத் திருத்தவும் வேண்டியிருந்தது. மருந்தாக்க நினைப்பவருக்கு எந்தக் கை அமைப்பு என்பது முதல் கேள்வி. பீர் குடிப்பவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

உயிர்களின்மேல் ஹாப்ஸ் காட்டும் விளைவுகளில் மிகப் பழையது, மிக உறுதியானது பாக்டீரியாவைத் தடுப்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த துறவி ஹில்டெகார்ட், ஹாப்ஸ் மனத்தில் சோர்வை வளர்க்கும் என்று குறை சொல்லிவிட்டு, அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்றும் எழுதிவைத்தார். பவேரியாவின் புகழ்பெற்ற 1516-ம் ஆண்டுச் சட்டம் பீரில் பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்றது. ஆங்கிலேயர் காலத்தில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரில் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டதற்கும் காரணம் கெடாமல் காக்கும் இந்தக் குணம்தான்.

இந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதும் இப்போது தெளிவு. ஹாப்ஸ் அமிலங்கள் கொழுப்பில் கரைபவை, வலுக்குறைந்த அமிலங்கள். பாக்டீரியாவின் சவ்வு கொழுப்பாலானது. ஆற்றைக் கடக்கும் தோணிபோல இந்த மூலக்கூறு வெளியிலிருந்து ஒரு புரோட்டானை ஏற்றிக்கொண்டு சவ்வைக் கடந்து உள்ளே இறக்குகிறது. திரும்பும்போது மாங்கனீசு போன்ற உலோக அயனியைச் சுமந்து வெளியேறுகிறது. செல்லின் உட்புறம் புளித்துப்போகிறது. சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டை நம்பித்தான் அந்தச் செல் உணவை உள்ளிழுக்கிறது, ஆற்றலை உண்டாக்குகிறது. வேறுபாடு அழிந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பானத்தைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைகள் இதில் அடிபடுகின்றன. கிராம்-நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன, ஈஸ்ட்டும் தாக்குப்பிடிக்கிறது. லாக்டோபேசில்லஸ் பிரெவிஸின் சில இனங்கள், உள்ளே நுழைந்த கசப்பை வெளியே தள்ளும் புரத இறைப்பான்களை வளர்த்துக்கொண்டு மதுவடிப்பாலைகளுக்கு இன்றும் தலைவலி தருகின்றன. மருந்துக்கு நுண்ணுயிர் பழகிவிடும் கதை மருத்துவமனையில் மட்டும் நடப்பதில்லை.

இந்த ஆற்றலை மருந்தாக்கும் முயற்சி புதிதல்ல. 1949-லேயே லுப்புலோனைக் காசநோய்க்கு எதிராகச் சுண்டெலிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அது மருத்துவமனைவரை வரவில்லை, ஸ்ட்ரெப்டோமைசின் முந்திக்கொண்டது. பயன் கிடைத்தது வேறு துறைகளில்தான். சர்க்கரைக்கிழங்கு ஆலைகளில் சாற்றைக் கெடுக்கும் பாக்டீரியாவை அடக்க ஹாப்ஸ் அமிலங்களைச் சேர்க்கிறார்கள். தேனீக்களின் உடலில் ஒட்டி உறிஞ்சும் வர்ரோவா உண்ணிக்கு எதிராக, பீட்டா அமிலங்களில் நனைத்த அட்டைப் பட்டைகளைத் தேன்கூட்டுக்குள் தொங்கவிடுவது அமெரிக்காவில் அனுமதி பெற்ற முறை. ஹாப்ஸ் கசப்பு சந்தேகமில்லாமல் வேலை செய்யும் இடங்களைப் பார்த்தால் எல்லாமே குடிப்பவரின் உடலுக்கு வெளியே இருக்கின்றன.

உடலுக்குள் என்ன நடக்கிறது? கசப்பை உணர மனித உடலில் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. ஹாப்ஸ் அமிலங்கள் அவற்றில் மூன்றைத் தூண்டுவது கண்டறியப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பிகள் நாக்கோடு நிற்பதில்லை, குடலிலும் இருக்கின்றன. நஞ்சுள்ள பொருள்கள் பெரும்பாலும் கசக்கும் என்பதால், கசப்பு குடலைத் தொட்டதும் ‘போதும், நிறுத்து’ என்று உடல் சமிக்ஞை விடுக்கிறது என்பது ஒரு கருத்து. நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஹாப்ஸ் சாற்றைக் கேப்சூலில் அடைத்து, இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் உடையும்படி ஆண்களுக்குக் கொடுத்தபோது, பசியை அடக்கும் ஜிஎல்பி-1, சிசிகே ஆகிய ஹார்மோன்கள் கூடின. அவர்கள் அடுத்த வேளை குறைவாகச் சாப்பிட்டார்கள். இன்று எடை குறைக்க ஊசியாகப் போடும் செமாகுளுடைட் பின்பற்றுவது இதே ஜிஎல்பி-1-ஐத்தான் என்பதால் ஆய்வுக்குக் கவனம் கிடைத்ததில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது, கசப்பு நாக்கில் படாமல், ஆல்கஹால் இல்லாமல், குடலில் குறிவைத்து இறக்கப்பட்டது என்பதை. பீர் குடிப்பவர் கூடவே வறுவலும் பொரியலும் கேட்பதை மேசைக்கு மேசை பார்க்கலாம். ஆல்கஹால் பசியைக் கிளறும் பொருள்.

அடுத்தது ஜப்பான். ஐசோஹியூமுலோன் பற்றி மிகுதியாக ஆய்ந்தவர்கள் கிரின் என்ற மதுவடிப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகள். கொழுப்பு, சர்க்கரை வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்தும் பிபிஏஆர் என்ற செல் உட்கரு ஏற்பிகளை ஐசோஹியூமுலோன்கள் தூண்டுகின்றன என்று 2004-ல் எழுதினார்கள். அல்சைமர் நோயின் மாதிரியாக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் மூளையில் அழற்சி குறைந்ததாக 2017-ல் அறிவித்தார்கள். இடையில், 2016-ல், சற்றே பருமனான 200 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது: பக்குவப்படுத்திய ஹாப்ஸின் கசப்பு அமிலம் நாளுக்கு 35 மில்லிகிராம் என 12 வாரம் கொடுத்ததில், வெற்றுப் பானம் குடித்தவர்களைவிட இவர்களுக்கு வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. மதுவடிப்பு நிறுவனம் தன் சரக்குக்குத் தானே சான்றிதழ் கொடுப்பதா என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவது சோம்பேறித்தனம். யார் பணம் கொடுத்தார் என்பது எச்சரிக்கையாக வாசிக்கக் காரணமாகும். முடிவு தவறென்பதற்குச் சான்றாகாது. ஆய்வு சீட்டுக்குலுக்கி முறையில் பிரித்து, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தப்பட்டது. சார்பில்லாதவர்கள் இன்னும் பெரிதாகத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நியாயமான குறை.

சரி, 35 மில்லிகிராம் பெரிய அளவில்லையே, பீரிலேயே கிடைக்குமே என்று ஒருவர் கேட்டால் அது நல்ல கேள்வி. உண்மையில் கிடைக்கும். பீரின் கசப்பு அலகு ஒன்று என்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்பா அமிலம். ஹாப்ஸ் அள்ளிப் போட்ட ஐபிஏ வகைகளில் ஐம்பது, அறுபது அலகு சாதாரணம். ஒரு லிட்டருக்குள் கணக்கு நிறைவேறிவிடும். பரவலாக விற்கும் மென்கசப்பு லாகர் என்றால் இரண்டு மூன்று லிட்டர் வேண்டும். ஆனால் ஜப்பானிய ஆய்வில் கொடுத்தது ஐசோஹியூமுலோன் இல்லை. ஹாப்ஸைச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும்போது உண்டாகும், கசப்புக் குறைந்த, ஆக்சிஜனேற்றமான வேறு அமிலங்கள். அதை விட்டுக்கொடுத்து இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், ஆறு சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டரில் சுமார் 47 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு ஏழு கலோரி என்றால் ஆல்கஹாலால் மட்டும் 330 கலோரி. மாவுச்சத்து இன்னும் மேலே. வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க இந்த வழியில் போகிறவரைத் தடுப்பதற்கு வேறு வாதம் தேவையில்லை. கிரின் நிறுவனமே அந்த அமிலத்தைச் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது ஆல்கஹால் இல்லாத பானத்தில்தான்.

சாந்தோஹியூமாலின் கணக்கு இதைவிடக் கேலிக்கூத்து. புற்றுநோய்த் தடுப்பு என்று தலைப்பில் வருவது பெரும்பாலும் இதுதான். ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தின் கிளாரிசா கெர்ஹாய்சர் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு, புற்றுநோய் தோன்றும் பல கட்டங்களில் இது குறுக்கிடக்கூடும் என்று செல்களில் காட்டியது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கொழுப்புணவு தின்று பருத்த சுண்டெலிகளுக்குக் கொடுத்து, கெட்ட கொழுப்பும் இன்சுலினும் இறங்குவதை 2016-ல் கண்டார்கள். கொடுத்த உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வளர்சிதை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், 70 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் ஆகும். சாதாரண பீரில் இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூடத் தேறாது. வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 1,750 லிட்டர். ஆய்வாளர்களே இதைச் சொல்லி எச்சரித்தார்கள். பீர் குடித்து இந்த அளவை எட்ட முடியாது என்று அவர்கள் சொன்ன வரி செய்தியாக ஊர்சுற்றும்போது காணாமல் போய்விடுகிறது.

எதிர்த்தரப்பும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். ஹாப்ஸில் 8-பிரெனைல்நாரிஞ்செனின் என்ற பொருள் உண்டு. தாவரங்களில் அறியப்பட்ட ஈஸ்ட்ரோஜன் போலிகளில் மிக வலுவானவற்றில் ஒன்று என்று 1999-ல் அடையாளம் காணப்பட்டது. ஹாப்ஸ் பறிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு தடுமாறும் என்று ஐரோப்பியக் கிராமங்களில் நெடுநாள் பேச்சு இருந்ததற்கு இது விளக்கமாகலாம். இதைப் பிடித்துக்கொண்டு, ஹாப்ஸால்தான் பீர் குடிக்கும் ஆண்களுக்கு மார்பு பெருக்கிறது என்று பரப்புகிறார்கள். பீரில் இந்தப் பொருள் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. குடல் பாக்டீரியா ஐசோசாந்தோஹியூமாலைக் கொஞ்சம் இதுவாக மாற்றக்கூடும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனாலும் வழக்கமாகக் குடிக்கும் அளவில் ஹார்மோன் விளைவு உண்டாக்க இது போதாது. நன்மைக்கு அளவு போதாது என்று வாதிட்டவர், தீமை என்று வரும்போது மட்டும் துளியே போதும் என்று சொல்லலாகாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு மார்பு பெருப்பது உண்டுதான். அங்கே குற்றவாளி கல்லீரலைக் கெடுத்து ஹார்மோன் சமநிலையைக் குலைக்கும் ஆல்கஹால்.

அளவாகக் குடிப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று எத்தனையோ கணக்கெடுப்புகள் வந்தனவே என்பது இன்னொரு மறுப்பு. அந்தக் கணக்கெடுப்புகளில் பலவற்றில், உடல் கெட்டுக் குடியை நிறுத்தியவர்களையும் ‘குடிக்காதவர்’ பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஒப்பீடு அங்கேயே சாய்ந்துவிடுகிறது. மறுபக்கத்தில், ஆல்கஹால் பானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் அறிவித்தது. புற்றுநோயைத் தடுக்கக்கூடிய ஒரு மூலக்கூறின் சிட்டிகைக்காக, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான மூலக்கூறைக் கிராம் கணக்கில் விழுங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நம் ஊரில் பீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். சிறுநீர் மிகுதியாகப் போவதற்குத் தண்ணீர் போதும்.

தூக்கத்துக்கு ஹாப்ஸ் நல்லது என்ற ஐரோப்பிய மரபும் உண்டு. வலேரியன் வேரோடு சேர்த்து ஜெர்மனியில் மாத்திரையாக விற்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை அதை வகைப்படுத்தியிருப்பது ‘மரபுவழிப் பயன்பாடு’ என்ற தலைப்பில். நெடுங்காலப் பழக்கத்தை ஏற்றதே தவிர, மருத்துவச் சோதனையில் நிரூபணமானதாக அல்ல. மரபு ஒரு பொருளைத் தேடிப் பார்க்கத் தூண்டும் துப்பு. தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

பீரை விட்டுவிட்டு ஹாப்ஸ் சாற்றைக் கேப்சூலாக விழுங்குவது பிழையற்ற வழி என்றும் சொல்வதற்கில்லை. செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் வெளியே கொட்டிய ஹாப்ஸ் சக்கையைத் தின்ற நாய்களுக்கு, குறிப்பாக கிரேஹவுண்டு இனத்துக்கு, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்துபோனதை 1997-ல் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மனிதருக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் பீட்டா அமிலங்களில் ஒன்றான கோலுப்புலோன், மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும் ஏற்பியில் போய் ஒட்டுவதைக் கட்டமைப்பு ஆய்வு காட்டியிருக்கிறது. மனிதர்களிடம் செய்த சிறிய சோதனையில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பது ஆறுதல்; சிறிய சோதனை என்பதையும் மறக்கக் கூடாது. சாந்தோஹியூமாலை ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 24 மில்லிகிராம் கொடுத்துப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குணம் நீக்கிய அதன் மாற்றுருக்களை ஓரிகன் குழு எலிகளில் சோதித்து 2018-ல் எழுதியது. மருந்து உருவாகும் பாதை இதுதான்: பொருளைப் பிரி, அமைப்பை அறி, வேண்டாத குணத்தை வெட்டு, அளவை நிர்ணயி, பிறகு மனிதரிடம் சோதி. ஹாப்ஸ் இந்தப் பாதையில் பாதித் தூரம்கூட வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தூக்கத்துக்கோ, மாதவிடாய் நின்ற பின் வரும் உடற்சூட்டுக்கோ ஹாப்ஸ் கேப்சூல் வாங்கி அனுப்பினால், வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்களும், ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரிடம் காட்டாமல் அதைத் தொட வேண்டாம். பீரில் மருந்து இருக்கிறது என்று யாராவது செய்தி அனுப்பினால், எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.